ராஜாக் கோட்டைக்கு ரோப் கார் வேண்டுமா?

செஞ்சிக் கோட்டையில், ஊர்க்காரர்கள் ராஜாக் கோட்டை என்று சொல்லும் ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அகலம் ஏறக்குறைய 24 அடி, ஆழம் 60 அடி. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டி, கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைக் குரங்கிடம் பறிகொடுத்து வந்து சேரும் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாலத்தில் கால் வைத்ததும் ஒரு நொடி நிற்கிறார்கள். கீழே எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு ஒரே ஓட்டம், ஒரே கூச்சல். அக்கரை போனவர்கள் திரும்பி வந்து மறுபடியும் ஓடுகிறார்கள். டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை, பெல்ட் மாட்டிவிட ஆள் இல்லை. பாலத்தை இழுத்துக்கொண்டால் உச்சிக்குப் போக வேறு வழி கிடையாது என்று ஆசிரியர் சொல்லும்போது கூச்சல் அடங்கி, பிள்ளைகள் அந்தப் பள்ளத்தை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. அன்று முதல் விழுப்புரம் மாவட்டத்தின் இந்தச் சின்ன ஊரில் டீக்கடை பெஞ்சு தொடங்கி பஸ் ஸ்டாண்டு வரை ஒரே பேச்சு: இனி கூட்டம் வரும், கோட்டையில் புதிதாக என்ன செய்யலாம்?

ரோப் கார் விட வேண்டும் என்பது ஒரு கட்சி. முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கீழே கல்யாண மகாலோடு திரும்பிப் போகிறார்களே என்பது அவர்கள் ஆதங்கம். இரவில் ஒலி-ஒளிக் காட்சி வைக்க வேண்டும், கோட்டையின் மூன்று மலைகளுக்கும் விளக்குப் போட வேண்டும் என்பது இளைஞர் கட்சி. மலைக்கு மலை கம்பியில் தொங்கிப் போகும் ஜிப் லைன் கேட்பவர்களும் உண்டு. முதலில் நல்ல கழிப்பறையும் குடிதண்ணீரும் வையுங்கள், எது எந்தக் கட்டடம் என்று தமிழில் பலகை வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்பது கோட்டையை வருஷத்துக்கு நாலு முறை ஏறி இறங்கும் ரசிகர் கட்சி.

கேட்கும் சாதனம்தான் வேறு வேறு. கேள்வி ஒன்றுதான்: மக்கள் விரும்பும் ஓர் இடத்தை எப்படிப் பெரிதாக்குவது? உலகம் முழுக்க தீம் பார்க் ரசிகர்கள் இதே கேள்விக்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தீம் பார்க்கில் ரைடு என்பது ஓர் இயந்திரம். 'லேண்ட்' என்பது ஒரு கதைக்குள் அமைந்த ஊர். 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்டு திறந்தபோது வாசல் தெருவைத் தாண்டியதும் சாகச நாடு, எல்லைப்புற நாடு, கற்பனை நாடு, நாளைய நாடு என்று தனித்தனி உலகங்களாகப் பிரித்து வைத்தார்கள். எல்லை தாண்டினால் தரையின் நிறம், குப்பைத் தொட்டியின் வடிவம், காதில் விழும் இசை எல்லாமே மாறும். அதிலிருந்து எந்தப் பெரிய பார்க்கும் விரிவடையும்போது ரசிகர்கள் முதலில் கேட்பது புது ரைடை அல்ல, புது லேண்டைத்தான். கூடவே ஒரு பயமும் வரும். 2025 ஜூலையில் ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பார்க்கில் 'அமெரிக்க நதிகள்' என்ற பகுதியையும், அதில் ஓடிய துடுப்புச் சக்கரப் படகையும், டாம் சாயர் தீவையும் மூடினார்கள். கார்ஸ் படத்தின் பெயரில் புதுப் பகுதி வருகிறது. அந்த நதியில் ரைடு என்று சொல்லத்தக்க வேகம் எதுவும் கிடையாது. மர நிழலும் தண்ணீரும் ஓய்வும்தான் இருந்தன. அதற்காகத்தான் ரசிகர்கள் கண்கலங்கினார்கள். செயற்கையாக வெட்டிய நதிக்கே இந்தப் பாசம் என்றால், 800 அடி உயர மலைக்கோட்டையை நேசிக்கிறவர்களின் பதற்றம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

நம் ஊர் பார்க்குகள் நெடுங்காலம் இயந்திரங்களாகவே வளர்ந்தவை. சென்னையில் வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குப் போனவர்கள் இன்றும் சொல்வது, என்ன சேட்டை செய்தாலும் சிரிக்காத சிலை மனிதரைத்தான். 1995-ல் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவைத் திறந்தவர் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படத்தைக் கொடுத்தவர். பார்க்கின் பெயரிலேயே ராமாயணம் வந்தது. ஆனால் கிஷ்கிந்தாவின் பெயர் நினைவிருக்கும் அளவுக்கு அதற்குள் என்ன கதை இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. அலைக்குளமும் சறுக்கும்தான் நினைவில் நிற்கின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா ஓர் அடி முன்னால் வந்திருக்கிறது. காலைத் தொங்கவிட்டுப் பறக்கும் அதன் பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பெயர் 'தஞ்சோரா'. கொச்சிக்கும் பெங்களூருவுக்கும் பஸ் பிடித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு ரைடு ரசிகர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனாலும் அவர்களில் பலருடைய ஆசை அதோடு நிற்கவில்லை. பெயரில் தஞ்சை இருந்தால் போதாது, வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரமும் தஞ்சைக்குள் நிற்பதுபோல இருக்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசை.

சோழருக்கு ஒரு நாடு, பல்லவருக்கு ஒரு நாடு, கூடவே செஞ்சிக்கு ஒரு நாடு என்று பார்க்குகள் கட்டினால் மனதார வரவேற்கலாம். சிமெண்ட்டில் ஒரு ராஜகிரி, அதன் பிளவுக்குள் பாயும் ஒரு கோஸ்டர், கீழே நீர்ச்சறுக்காக ஒரு சக்கரக்குளம். பிள்ளைகள் அங்கே கத்திவிட்டு, இங்கே வந்து அசலைப் பார்ப்பார்கள். பிரச்சினை, அசலையே லேண்ட் ஆக்கப் பார்க்கும்போதுதான் வருகிறது.

ஏனென்றால் லேண்டுக்கு ஒரு கதை வேண்டும், ஒரே ஒரு கதை. செஞ்சியிடம் எதை எடுப்பீர்கள்?

மரபுச் செய்தியின்படி 1200-ஐ ஒட்டி இங்கே முதலில் கோட்டை கட்டியவர் ஆனந்தக் கோன். எதிர் மலையான கிருஷ்ணகிரிக்குப் பெயர் கொடுத்தவர் கிருஷ்ணக் கோன். ஆடு மாடு மேய்த்த சமூகத்தின் கோட்டை இது. பிறகு விஜயநகரத்தின் நாயக்கர்கள் வந்தார்கள். மதில்களும் நெற்களஞ்சியமும் வேங்கடரமணர் கோயிலும் அவர்கள் காலத்துப் பெருமை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கிருந்தே மராட்டிய அரசை நடத்தினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் தொடங்கிய முற்றுகை முடிய எட்டு வருஷம் ஆனது. 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிவிட்டார். அப்புறம் புந்தேலர், ஆற்காட்டு நவாப், 1750-ல் ஒரே இரவில் மூன்று மலைகளையும் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்.

யுனெஸ்கோ பட்டியலில் 'மராட்டிய' என்ற சொல் வந்ததும் தமிழ்நாட்டில் கேள்வி எழுந்தது இதனால்தான். இருபத்தொரு வருஷம் ஆண்டவர்கள் பெயரில் கோட்டை உலகத்துக்கு அறிமுகமானால், கட்டியவர்கள் எங்கே போவார்கள்? பட்டியலின் தலைப்பு பன்னிரண்டு கோட்டைகளுக்கும் பொதுவானது என்ற விளக்கம் சரிதான். ஆனால் மலை அடிவாரத்தில் வைக்கப்போகும் பலகை, பாடம் நடத்தப்போகும் கைடு, போடப்போகும் ஒலி-ஒளிக் காட்சி ஆகியவையும் அதே தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் அது அநியாயம்.

ஊர்க்காரர்களைக் கேட்டால் இந்தச் சண்டை எதுவும் இல்லை. அவர்களுக்குச் செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன்தான். புந்தேல ராஜபுத்திரன் தேஜ் சிங். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவன். தந்தை சரூப் சிங் இறந்ததும் ஆட்சிக்கு வந்து, கப்பம் கட்ட மறுத்து, 1714-ல் நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சின்னக் குதிரைப்படையோடு எதிர்த்துச் செத்தவன். ஆண்டது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஆனாலும் வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்து அவனை முந்நூறு வருஷமாக விடவில்லை. அவன் குதிரைக்குக்கூடப் பேர் உண்டு. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு ஓடி வந்த மகமத்கானை நினைத்து அழாத கூத்து ரசிகர் இந்தப் பக்கம் கிடையாது. ராஜபுத்திர இந்துவும் முஸ்லிம் தோழனும் ஒரே களத்தில் விழுந்த கதையைத் தமிழ்க் கிராமங்கள் தம் கதையாக எடுத்துக்கொண்டன. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' படமாகவும் வந்தது. உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கோட்டைக் குளங்களில் ஒன்றான செட்டிக்குளத்தின் கரையில் நிற்பவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் அதைப் பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் பிரான்ஸின் புய் து ஃபூ பார்க் நினைவுக்கு வருகிறது. வாந்தே என்ற கிராமப் பகுதி. சிதைந்த ஒரு பழைய மாளிகை. 1978-ல் அதன் முன்னால் சுற்று வட்டார மக்களே ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்காமல் நடிக்கும் இரவுக் காட்சியைத் தொடங்கினார்கள். 1989-ல் அதைச் சுற்றிப் பார்க் வந்தது. ரோலர் கோஸ்டர் ஒன்றுகூடக் கிடையாது. இன்று வருஷத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். மாளிகையின் மேல் எதையும் ஏற்றாமல், அதன் எதிரே மக்களை ஏற்றினார்கள் என்பதுதான் செஞ்சி கவனிக்க வேண்டியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்தக் காட்சிகள் வரலாற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்கின்றன என்று அங்குள்ள வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து குறை சொல்லி வருகிறார்கள்.

செஞ்சிக்கு நடிகர்களை வெளியே தேட வேண்டியதில்லை. கோட்டைக்குப் பக்கத்திலேயே மேலச்சேரி. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்க் கோயில் என்று பக்தர்கள் போற்றும் இடம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் எழுதிய திரௌபதி வழிபாட்டு நூலின் தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை போகிறது. இன்னொரு பக்கம் மேல்மலையனூர் அங்காளம்மன். இங்கெல்லாம் தெருக்கூத்து: அரிதாரம், தலைக்கிரீடம், விடிய விடிய முகவீணை. கோட்டைக்கு வெளியே, தொல்லியல் சட்டம் அனுமதிக்கும் தூரத்தில், ஒரு நிரந்தரக் கூத்து மேடை போட்டு வாரம் ஓர் இரவு தேசிங்கு கதை நடத்தினால், எந்த லேசர் காட்சியும் அதன் பக்கத்தில் நிற்காது. கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று அதில் கிடைக்குமானால் அதுவே பெரிய விரிவாக்கம்.

சட்டம் என்றால், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 1921-லிருந்து செஞ்சி பாதுகாக்கப்பட்ட சின்னம். மதில் சுற்றளவு மட்டும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ரோப் கார் தூண்களை எந்தப் பாறையில் நடுவது? ஏற முடியாததற்காகவே தேர்ந்தெடுத்த மலை இது. அந்தப் பாலத்தில் பிள்ளைகள் நிற்கும் ஒரு நொடியை, நாலே நிமிஷத்தில் உச்சியில் இறக்கிவிடும் பெட்டி பறித்துவிடும். முழங்கால் வலிக்காரர்களின் ஏக்கத்துக்குப் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாண மகால், யானைக்குளம், களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், சாதத்துல்லா கான் மசூதி, வேங்கடரமணர் கோயில் எல்லாம் மலைக்குக் கீழேதான் இருக்கின்றன. சக்கர நாற்காலி போகும் பாதையும், மின்சார வண்டியும், வழியில் நிழலும் இருந்தால் ஒரு பாட்டி அரை நாள் நிம்மதியாகச் சுற்றலாம். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றிய வித்தையை ஒரு மாதிரி வடிவத்தில் அவர் பேத்திக்குக் காட்டலாம்.

செஞ்சியின் துண்டுகள் வேறு ஊருக்கு அலங்காரமாகப் போன கதையும் உண்டு. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல் தூண்களும் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து பெயர்த்துப் போனவை. சுற்றுலாப் பயணிகள் அவற்றில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே செஞ்சியின் பெயர் சொல்ல ஒரு பலகை வைத்தால்கூட கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

புது லேண்ட் கேட்பவர்களிடம் ரசிகர் கட்சிக்காரர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். திருவண்ணாமலை சாலை இரண்டு மலைகளுக்கும் நடுவே போகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜாக் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். எதிரே கிருஷ்ணகிரி, ஊர்ப் பேச்சில் ராணிக் கோட்டை, ஏறுவதற்கு இன்னும் எளிது. மேலே நெய்க்கும் எண்ணெய்க்கும் வெட்டிய கிணறுகள், குவிமாடம் போட்ட தர்பார் மண்டபம், ஊஞ்சல் மேடை. தெற்கே சந்திரகிரிக்கோ ஆடு மேய்ப்பவர்கள் தவிர யாரும் போவதில்லை. ஒரே டிக்கெட்டில் மூன்று நாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. சாயங்காலம் காவலர் விசில் ஊதி எல்லோரையும் இறக்கும் நேரத்தில் ராணிக் கோட்டையின் குவிமாடத்தடியில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். எதிர் மலையில் அந்தப் பாலம் ஒரு கோடுபோலத் தெரியும். அதன் மேல் கடைசிப் பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.