பழைய வண்டிக்குச் செய்யும் செலவு: எது முதலில், எது வேண்டாம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, சில மாதங்களில் திறந்துவிடுவார்கள் என்றுதான் கடைத்தெருவில் பேச்சு. தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரிகளைக் கூட்டிப் பார்த்தால் சிறு வியாபாரியின் கைக்கு எட்டும் விலையாக இல்லை. எனவே இருக்கிற பழைய வேனையும் டிமோ பட்டாவையும் இன்னும் சில வருடங்களுக்கு ஓட்டியாக வேண்டும் என்பதுதான் நமது நிலை. அதற்குச் செலவு செய்வது தப்பில்லை. ஆனால் அந்தச் செலவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர்ப் பக்கமிருந்து வாகரைக்குப் போய் மீனும் இறாலும் ஏற்றிவரும் சகோதரர்களின் வண்டிகளைப் பாருங்கள். அலோய் வீல், பெரிய சவுண்ட் செட், கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் செசி துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. காயான்கேணி தாண்டியதும் கடற்காற்று. பனிச்சங்கேணியில் களப்பு. போதாததற்கு வண்டிக்குள்ளேயே உப்புத் தண்ணீர்!

இந்த உப்புத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர், தட்டின் இடுக்கு வழியாக நேரே செசியிலும் பிரேக் குழாயிலும் விழுகிறது. பெட்டியின் அடியில் ஒரு வடிகால் துளை போட்டு, ரப்பர் குழாய் மாட்டி, செசிக்கு வெளியே தண்ணீர் விழும்படி விட்டால் போதும். அலோய் வீலுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அல்ல. தட்டுக்கு அலுமினியத் தகடு அடிப்பவர்கள், இரும்புக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் விரிப்புப் போடச் சொல்லுங்கள். இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் தேங்கும் தண்ணீர் இரும்பையும் விடாது. அடிப்பக்கத்துக்கு எரிந்த ஒயில் அடிக்கிற வழக்கம் இங்கே உண்டு. துருவுக்கு ஓரளவு நல்லதுதான், ஆனால் ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸையும் அது ஊதிப்போகச் செய்யும். முறையான அண்டர்கோட் அடிப்பதே மேல். அதைவிட மலிவானது, கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கத்தைக் கழுவுவது.

பெட்டி விடயத்தில் ரெஜிபோமை நம்பியே பலர் இருக்கிறார்கள். மூலை உடைந்த பெட்டியில் ஐஸ் நிற்காது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் சூடு, ஒரு லீற்றர் தண்ணீரை 80 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்குவதற்குச் சமம். அந்தச் சக்தி மீனைக் குளிரவைக்கப் போக வேண்டுமே தவிர, வெயிலோடு மல்லுக்கட்டப் போகக் கூடாது. பொலியூரிதேன் நிரப்பிய சுவருள்ள பெட்டி விலை கூடத்தான். ஆனால் அதே தடிப்பில் ரெஜிபோமைவிடக் குளிரை நன்றாகப் பிடிக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மீன் கெட்டால் வாங்குபவர் விலையை அடித்துவிடுவார், அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாகத் தெரியாது.

அடுத்தது பாரம். பின்னால் வண்டி தாழ்கிறது என்றதும் கராஜில் இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துக் கொள்கிறோம். பட்டை கூடினால் வண்டி நிமிரும், அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, டயர் அதே டயர். 2005இல் இந்தியாவில் அறிமுகமான டாட்டா ஏஸ்தான் நம்மூரில் டிமோ பட்டா. இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஏற்றக்கூடியது சுமார் 750 கிலோ. அதில் ஒன்றரை தொன் ஏற்றிவிட்டு, எஞ்சின் இழுக்கவில்லை என்று மெக்கானிக்கைக் குறை சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டைக்குக் கொடுக்கும் காசில் பிரேக் லைனிங்கை மாற்றுங்கள். பிரேக் ஒயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். ரீபில்ட் டயர் போடுவதானால் பின்னுக்குப் போடுங்கள், முன்னுக்கு வேண்டாம். அகல டயர் அழகுதான். ஆனால் ஸ்டியரிங் கனக்கும், எரிபொருள் கூடும். 2022இல் கியூஆர் அட்டையோடு வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

அதிகாலை இருட்டில் வாகரை வீதியில் மாடு படுத்திருக்கும். வெளிச்சம் போதாது என்று பலர் கண்ணைப் பறிக்கும் எல்ஈடி பல்ப் மாட்டுகிறார்கள். ஹலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் அதைப் போட்டால் வெளிச்சம் சிதறும், எதிரே வருபவர் தடுமாறுவார். முதலில் மஞ்சளித்த விளக்குக் கண்ணாடியை நீர்த்தாள் போட்டுத் தேய்த்துப் பொலிஷ் செய்யுங்கள். பிறகு பெட்டரியிலிருந்து நேராக ரிலே வைத்து வயர் இழுக்கச் சொல்லுங்கள். பழைய வயரில் குறைந்துபோகும் மின்சாரம் முழுதாகப் பல்புக்குக் கிடைக்கும். கம்பனி பல்பே போதும் என்பது அப்போதுதான் தெரியும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்தவற்றைப் பொலிஸார் கழற்றவைத்தபோது சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அலங்காரத்துக்குக் கொடுத்த காசு கழற்றிய அன்றே போயிற்று. எஞ்சின், நிறம், பொடி வகை ஆகியவற்றை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். வேனைத் திறந்த லொறியாக வெட்டியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு விண்ணப்பத்தோடு போகும்போது அவர்கள் முதலில் பார்ப்பது, புத்தகத்தில் உள்ள வண்டியும் வீதியில் நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்பதைத்தான்.