கடல் இடம் கொடுத்தால் கால்பந்து!

மாயாபந்தரில் பந்து உதைக்க ஆசைப்படுபவர், முதலில் கடலிடம் அனுமதி கேட்க வேண்டும்.

நடு அந்தமானின் வடகோடியில் உள்ளது இந்த ஊர். மேடும் காடும் கழியுமான நிலத்தில் சமதரை அபூர்வம். நீர் வற்றும்போது தலைகாட்டும் கரை மணல்தான் ஏழைகளின் மைதானம்.

ஒரு வாரம் மணல், மறு வாரம் தண்ணீர்

இங்கே கடல் நாளுக்கு இரு முறை ஏறி, இரு முறை வற்றுகிறது. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் ஏறக்குறைய 6 மணி நேரம்! ஆகவே இந்த ஞாயிறு மாலை 4 மணிக்கு ஆடிய இடத்தில், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் அலையடிக்கும்.

மற்ற நாளில் ஆடலாமே என்றால், சூரியன் விடுவதில்லை. கடிகாரம் காட்டுவது இந்திய நேரம். ஊரோ சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆபீஸ் முடிந்து வரும் குமாஸ்தாவுக்குப் பந்தே தெரியாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை கிடைத்தால் லாபம்.

செருப்பே கம்பம்

விதிப்படி கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இங்கே இரண்டு செருப்புகள் போதும். கோல்கீப்பர் தூக்கிய கைதான் உயரம். அதற்கு மேலே போனதா, கீழே போனதா என்ற சண்டை ஆட்டத்தோடு சேர்ந்தது! சட்டை கழற்றியவர்கள் ஒரு கட்சி, போட்டவர்கள் மறு கட்சி.

பூட்ஸ் இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம். 1911-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரப் படை அணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயம் வாங்கிய மோகன் பகான் அணியில், ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில்தான் ஆடினார்கள்.

1925-ல் பர்மாவிலிருந்து வந்து வேபியில் குடியேறிய கரேன் மக்களின் வாரிசுகள், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தமிழர்கள் என்று பலரும் வாழும் வட்டாரம் இது. பொது மொழி இந்தி. புதிதாக வந்த தமிழ்ப் பையன் பாடப்புத்தகத்தில் திணறும் இந்தியை, பந்து கேட்டுக் கூவியே பழகிவிடலாம். பந்து கிடைத்தால் நட்பும் கிடைத்த மாதிரிதான்.

பந்தா, உயிரா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தமான் கழிகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. அலையாத்திப் புதர் ஓரம் பந்து விழுந்தால், எவ்வளவு அருகில் மிதந்தாலும் இறங்கக் கூடாது. பொழுது சாயும் நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். காசு சேர்த்து வாங்கிய பந்துதான், மனம் கேட்காது. என்றாலும் பந்தை மறுபடி வாங்கலாம். ஆட அனுப்பும் பெற்றோர் இதைச் சொல்லியே அனுப்ப வேண்டும்.

இங்கே ஆட்டத்தை முடிக்க விசில் தேவையில்லை. நீர் ஏறிச் செருப்பை நனைத்தால் ஆட்டம் முடிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்!