டிங்கரிங் கராஜ்: வேலை எப்படி நடக்கிறது, பிள்ளையை அனுப்புமுன் எதைக் கேட்க வேண்டும்

கடற்கரைக்குத் திரும்பி வந்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கவலை இருக்கிறது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலுமாகக் கழிந்த காலத்தில் மகனின் படிப்பு நின்றுபோய்விட்டது. இப்போது அவனுக்குப் பதினாறு, பதினேழு வயது. தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் இருக்க வெட்கப்படுகிறான். ஏதாவது கராஜில் சேர்த்துவிடலாமா என்று வாப்பாவும் உம்மாவும் யோசிக்கிறார்கள். முதலில் பாடசாலை அதிபரையோ வலயக் கல்வி அலுவலகத்தையோ ஒருமுறை சந்தித்துப் பாருங்கள். அது சரிவராவிட்டால் கராஜ் பிழையான முடிவல்ல. ஆனால் அங்கே கழியும் வருடங்கள் கணக்கில் வரவேண்டும், பிள்ளையின் நெஞ்சும் பழுதாகாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பெற்றோர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

கராஜ் என்று பொதுவாகச் சொன்னாலும் இயந்திரம் பார்க்கிற இடம் வேறு, வாகனத்தின் உடலைத் திருத்துகிற இடம் வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. நசுங்கிய தகட்டை நேராக்குவது, உக்கியதை வெட்டிப் புதுத் தகடு வைப்பது, பட்டி போட்டுத் தேய்த்து பெயின்ட் அடிப்பது ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் டிங்கரிங்.

நமது பகுதியில் இந்த வேலைக்குக் குறைவில்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகக் கொழும்பு நோக்கிப் போகும் ஏ4 வீதி நமது ஊர்களின் நடுவால் போகிறது. கொழும்பு பஸ்கள், ஆட்டோக்கள், வயல் உழவு இயந்திரங்கள், மீன் ஏற்றும் சின்ன லொறிகள் எல்லாம் அதில் ஓடுகின்றன. விபத்து ஒருபுறம் இருக்க, இங்கே வாகனத்துக்குப் பெரிய எதிரி உப்புத்தான்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அது பல மடங்கு வேகமாகும். கடற்காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. உப்புக் கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருவேறுவது விரைவாகிறது. துரு, தான் உருவான இரும்பைவிடக் கூடிய இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்புளம் போல எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். கதவின் அடிப்பகுதி, சில்லுக்கு மேலே உள்ள வளைவு, தரைத் தகடு, இவைதான் முதலில் போகும் இடங்கள். மீன் லொறிகளில் ஐஸ் உருகி வடியும் தண்ணீர் அடிச்சட்டத்தையும் தின்றுவிடும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே உக்கும். வாகனம் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, அந்தத் துவாரங்களை ஈர்க்கால் குத்திவிடுங்கள். செலவில்லாத வேலை இது.

வாகனம் கராஜுக்கு வந்த பிறகு

முதலில் பாஸ் சுற்றிப் பார்த்துச் செலவுக் கணக்குச் சொல்வார். முழுக் காப்புறுதி உள்ள வாகனமாக இருந்தால், காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்த்துப் படம் எடுக்கும் வரை எதையும் கழற்றக் கூடாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர்களுக்குத் தங்கள் வாகனத்தின் திருத்தச் செலவு கிடைக்காது. இது தெரியாமல் கராஜ் வாசலில் நின்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு.

பிறகு விளக்கு, பம்பர், உள்ளுறை எல்லாம் கழற்றப்படும். வெல்டிங் செய்வதற்கு முன் பற்றரி இணைப்பை நீக்கிவிட வேண்டும். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் நெருப்பு வேலை என்றால் தாங்கியையும் கழற்ற வேண்டும். காரின் வெளித் தகடு ஒரு மில்லிமீற்றர் கூடத் தடிப்பில்லாதது. பின்பக்கம் ஒரு இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து முன்பக்கம் சுத்தியலால் தட்டி அதை மட்டப்படுத்துகிறார்கள். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு புடைத்துவிடும். பின்பு அதைச் சுருக்குவது பெரிய பாடு. நல்ல டிங்கர் கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவித்தான் மேடு பள்ளம் கண்டுபிடிக்கிறார். மருதமுனைத் தறிகளில் நெய்பவர்கள் நூலின் இழுவையை விரலில் உணர்வது போன்ற ஒரு கைப்பழக்கம் அது. புத்தகத்தில் வராது.

தட்டிச் சரிசெய்ய முடியாத மிச்சப் பள்ளத்துக்குத்தான் பட்டி. பட்டியில் கடினமாக்கும் பசையை நூற்றுக்கு இரண்டு அளவில் கலக்க வேண்டும். கூடினால் பெயின்டில் கறை ஏறும், குறைந்தால் காயாது. ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அப்பினால் சில காலத்தில் வெடித்துக் கழரும். காய்ந்ததும் முரட்டுத் தாளில் தொடங்கி, மென்மையான தாளில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். பழகவரும் பிள்ளையின் முதல் வருடத்தில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்பிலேயே போகும். இது அவனை ஏமாற்றுவதல்ல, கை பழகும் வழி. இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் அதுவே என்றால்தான் ஏமாற்று. அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், பிறகு மினுக்கத்துக்கான மேற்பூச்சு. நிறம் சேர்ப்பது தனிக் கலை. வெயிலில் நின்ற பழைய வெள்ளைக்குப் புது வெள்ளை பொருந்தாது. வாகனத்தின் நிறத்தையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

உதவித் தொகையில் பழைய ஆட்டோவோ வானோ வாங்க நினைப்பவர்கள் பட்டி பற்றிய விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் நீரில் மூழ்கியது போன்ற வாகனங்களுக்குத் தகடு மாற்றாமல் பட்டியும் பெயின்டும் மட்டும் பூசி விற்க முடியும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் கதவின் அடியிலும் சில்லு வளைவிலும் வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் ஒட்டும் காந்தம் அங்கே வழுக்கி விழுந்தால், கீழே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரை விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். விற்பவர் தூக்க விடாவிட்டால் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

யாருக்கு என்ன வேலை

டிங்கர், பெயின்டர், வெல்டர் என்று மூன்று பெரிய தொழில்கள். சின்னக் கராஜில் ஒருவரே மூன்றும் செய்வார். இவை தவிர பிளாஸ்டிக் பம்பர் ஒட்டுவது, வயரிங், கணக்கு எழுதுவது, காப்புறுதிப் பத்திரங்கள் பார்ப்பது எல்லாம் உண்டு. இருக்கை உறையும் ஆட்டோ ஹூட்டும் தைக்கும் குஷன் வேலையை, தடித்த துணி தைக்கும் மெஷின் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் பக்கத்துக் கராஜ்களில் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வளைகுடா நாடுகளில் இதே தொழிலை டென்டர், பெயின்டர் என்ற பெயரில் விளம்பரம் செய்வார்கள். போக விரும்புபவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் போகவே கூடாது. கையில் சான்றிதழ் இருந்தால் சம்பளம் பேச ஒரு பிடி இருக்கும்.

அந்தச் சான்றிதழ்தான் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை. மொத்தம் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் வரை கைத்தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டம் பெற்றவர் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர் என்று பொருள். இதற்கு வகுப்பில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. நைட்டா எனப்படும் பயிலுனர் அதிகாரசபை மூலம் ஒரு கராஜிலேயே பயிலுனராகப் பதிந்து பழகலாம். ஏற்கனவே பல வருடம் வேலை செய்தவர், தன் வேலையைச் செய்துகாட்டி மதிப்பீடு பெற்றும் சான்றிதழ் எடுக்கலாம். ஆனால் எங்கே, எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதற்குக் கடிதம் வேண்டும். இடம்பெயர்வில் பத்திரங்கள் எல்லாம் தொலைந்த நமக்கு இதன் அருமை தெரியும். ஆகவே சேர்க்கும் நாளிலேயே பாஸிடம் திகதி போட்ட ஒரு கடிதம் வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள். முன்பு வேலை செய்த கராஜின் பாஸ் இப்போதும் இருந்தால் அவரிடமும் போய்க் கேளுங்கள்.

பேசக் கூச்சப்பட வேண்டாம். "காக்கா, என்ட மகனுக்கு முதல் வருஷம் என்ன வேலை தருவீங்க? ரெண்டாம் வருஷம் தட்டுற வேலை பழக்குவீங்களா? நைட்டாவில பதிவீங்களா?" என்று நேராகவே கேட்கலாம். பழகும் காலத்தில் சாப்பாடும் போக்குவரத்துக் காசும் மட்டும் கொடுக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது எத்தனை மாதத்துக்கு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தொழிலாளியாக எடுத்த பிறகு சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். சின்னக் கராஜ் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை.

நெஞ்சைக் காப்பது

இன்றைய இரண்டு கலவை பெயின்ட்களில் கடினமாக்கியாகச் சேர்ப்பதில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. விசிறும்போது அது நுண்துளிகளாக மூச்சில் போகும். தொடர்ந்து பட்டால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். அப்படியானவர் பெயின்ட் தொழிலையே விட வேண்டிவரும். முகத்தில் கட்டும் துணியும் தூசு மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்றுக் குழாய் வழியாக வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. குறைந்தபட்சம் இரசாயன வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும், வடிகட்டியைக் காலத்துக்குக் காலம் மாற்றவும் வேண்டும். பட்டித் தூசிக்குத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. கையைத் தின்னரில் கழுவும் பழக்கத்தைப் பிள்ளை தொடங்கவே விடாதீர்கள். அது தோலால் உள்ளே போகிறது. பெயின்ட் படிந்த உடுப்பை வீட்டுக் குழந்தைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதை இலங்கைச் சட்டம் தடை செய்கிறது. எனவே மகனுக்கு அந்த வயது ஆகாவிட்டால் பெயின்ட் விசிறும் இடத்திலும் வெல்டிங் வேலையிலும் அவனை விடக் கூடாது என்று பாஸிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கழற்றுவது, பூட்டுவது, தண்ணீரில் தேய்ப்பது, பளபளப்பாக்குவது என்று அவன் பழக நிறையவே இருக்கிறது. வேலையில் இருக்கும் நாட்களில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்து, லீவு நாளில் குறைந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். கராஜில் வேலை செய்வதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தொழில் தெரிந்த பிறகு சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, மாநகர சபை அல்லது பிரதேச சபையின் வியாபார அனுமதியும் பெற வேண்டும். பெயின்ட் விசிறும் கராஜுக்குச் சூழல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவை. வீடுகள் நெருக்கமான சாய்ந்தமருது, மருதமுனை போன்ற இடங்களில் அயலவரின் முறைப்பாடு வந்தால் இதுதான் முதலில் கேட்கப்படும். இடத்தைப் பார்க்கும்போதே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யார் வீட்டு ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கொம்ப்ரசர், வெல்டிங் மெஷின், கைக்கருவிகள் என்று தொடக்கச் செலவு சிறியதல்ல. வட்டிக்குக் கடன் எடுப்பதற்கு முன் பள்ளிவாசல் ஸகாத் நிதியில் தொழிற் கருவிக்கு உதவி உண்டா என்று விசாரியுங்கள். எல்லாக் கருவியையும் ஒரேயடியாக வாங்கவும் வேண்டாம். முதலில் டிங்கரிங் மட்டும் செய்து, பெயின்டை வசதி உள்ள இன்னொரு கராஜுக்குக் கொடுத்து வாங்கினால், முதலும் குறையும், அனுமதிப் பத்திரச் சிக்கலும் பின்னுக்குப் போகும்.