கடை வைத்த மாமன் நமக்கு இல்லை

பழநியை அடுத்த நெய்க்காரப்பட்டி, கரும்பும் வெல்லமும் புழங்கும் ஊர். கரும்பு வெட்டுவது, கொப்பரையில் பாகு காய்ச்சுவது, சிப்பம் தூக்கி வண்டியில் ஏற்றுவது என எதுவும் நம் தெருக்காரர்களின் கை படாமல் நடப்பதில்லை. விலை பேசும் இடத்தில் மட்டும் நம் ஆட்கள் குறைவு.

இன்று அதே தெருக்களிலிருந்து பி.இ., பி.சி.ஏ. படித்த பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர், “நம்ம ஊர் வெல்லம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, எந்த ஆலையில் காய்ச்சியது என்பதை பிளாக்செயினில் ஏற்றி ஒரு கம்பெனி தொடங்கப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? அப்பா முதலில் கேட்பது தொழில்நுட்பத்தைப் பற்றி இருக்காது. “அங்கே நமக்கு யாரைத் தெரியும்?” என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இந்த வாரக் கட்டுரை.

பிளாக்செயின் என்றால்?

தெருவில் சீட்டு நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அவர் நினைத்தால் ஒரு வரியை மாற்றி எழுதிவிடலாம். சீட்டில் சேர்ந்த இருபது பேரிடமும் அதே நோட்டின் நகல் இருந்து, ஒவ்வொரு வரவும் இருபது நோட்டிலும் ஏறினால்? ஒருவர் திருத்தினாலும் மற்ற பத்தொன்பது நோட்டும் காட்டிக் கொடுத்துவிடும். கணினிகளுக்கு இடையே இப்படி வைக்கும் பொது நோட்டுதான் பிளாக்செயின். பிட்காயின் அதில் எழுதப்படும் கணக்குகளில் ஒன்று, அவ்வளவுதான்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. தமிழக அரசு 2020-ல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் மாநிலத்துக்கான கட்டமைப்பை உருவாக்கியது. வருவாய்த் துறைச் சான்றிதழ்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் ‘இ-பெட்டகம்’ செயலி அதன் மேல்தான் இயங்குகிறது. மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டம் எட்டப்பள்ளி வட்டத்தில் 2022-ல் சுமார் 65 ஆயிரம் சாதிச் சான்றிதழ்களை பிளாக்செயினில் ஏற்றினார்கள். பழங்குடி மக்கள் மிகுந்த பகுதி அது. அந்த வேலையைச் செய்தது ‘லெஜிட்டாக்’ என்ற சிறிய புத்தொழில் நிறுவனம். சாதிச் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தவர்களுக்கு, சான்று உண்மையா என்பதை நொடியில் சரிபார்க்க முடிவது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும்.

மற்றவர்கள் தொழில் கற்ற விதம்

தொழிலை யாரும் புத்தகத்தில் மட்டும் கற்றதில்லை. நகரத்தார் வீட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாகப் போனார்கள். அடுத்தாள் ஆகி, ஏஜென்ட் ஆகி, பிறகு சொந்தக் கடை வைத்தார்கள். நாடார் வணிகர்கள் மகமை என்று ஒரு பங்கு ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். முதல் கடன், முதல் சரக்கு, முதல் வாடிக்கையாளர், முதல் தப்பைத் திருத்தும் பெரியவர் எல்லாமே சொந்தபந்தத்துக்குள் கிடைத்தன. அவர்கள் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வாசல் நமக்குத் திறக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

அறிவு இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அம்பேத்கரின் வாழ்க்கையே பதில். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர், பரோடா வேலையை விட்டபின் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். தொழில் நின்றது. குறை அவருடைய அறிவில் இல்லை. வாங்க வருகிறவர்கள் இல்லை.

ஆக்சிலரேட்டர் செய்வது என்ன?

சொந்தத்தில் கிடைக்காத அந்த மாமனின் வேலையைச் சில மாதங்களுக்குச் செய்துகொடுக்கும் அமைப்புதான் ஆக்சிலரேட்டர். இன்குபேட்டர் என்பது யோசனைக்கு இடமும் கருவியும் கொடுத்து ஓரிரு ஆண்டுகள் அடைகாக்கும். ஆக்சிலரேட்டர், ஓரளவு உருவான நிறுவனத்தை மூன்று முதல் ஆறு மாதத்தில் விரைவாக நடை பழக்கும். 2005-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் இதற்கு முன்னோடி. பிளாக்செயின் துறையின் பெரிய நிறுவனமான காயின்பேஸ், 2012-ல் அங்கே சேர்ந்தபோது சின்னஞ்சிறு முயற்சி. 2021 ஏப்ரலில் அது நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. சேர்ந்தவர்கள் எல்லாரும் அப்படி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான புத்தொழில்கள் நிற்பதில்லை என்பதே உண்மை. ஆனால் நிற்காத தொழிலை நான்கு ஆண்டு வட்டி கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட நான்கு மாதத்தில் தெரிந்துகொள்வது மேல். சேமிப்பு இல்லாத வீட்டுக்கு அதுவே பெரிய லாபம்.

கிடைப்பவை ஐந்து என்று வகுக்கலாம்.

முதலாவது, சரியான கேள்வி. “இதற்கு பிளாக்செயின் எதற்கு?” என்று அங்கே கேட்பார்கள். வெல்லத்தையே எடுத்துக்கொள்வோம். கொப்பரையில் அஸ்கா சர்க்கரை கலந்ததா இல்லையா என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது. கலந்துவிட்டு, ‘சுத்தமானது’ என்று பதிந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும். பதிவு செய்யப்போவது யார், பரிசோதிப்பது யார், அதற்குக் கூலி யார் தருவது என்று விடை கண்டால்தான் பொருள் உருவாகும். இந்தக் கேள்வி நம் மக்களுக்கு வெல்லத்தோடு முடிவதில்லை. 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனையோ கைமாறி, பிறர் பெயரில் பதிவாகிக் கிடக்கின்றன. நிலப்பதிவை அப்படியே பிளாக்செயினில் ஏற்றினால் நடந்த அநியாயத்துக்குப் பூட்டு போட்டதாகிவிடும். முதலில் பதிவு திருந்த வேண்டும். இதை உணர்ந்த ஒருவர் நிறுவனத்தில் இருப்பது நாட்டுக்கே நல்லது. நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, முதல் வாடிக்கையாளர். பிளாக்செயின் போன்ற புதுச் சரக்கை, பெயர் தெரியாத இளைஞரிடம் யாரும் வாங்க மாட்டார்கள். ஆக்சிலரேட்டர் கூட்டிப்போய் அறிமுகம் செய்தால் கதவு திறக்கிறது. மகாராஷ்டிராவில் மாநிலப் புத்தாக்கச் சங்கம் நடத்தும் ஸ்டார்ட்அப் வாரத்தில் வெல்லும் நிறுவனங்களுக்கு அரசுத் துறைகளில் பணி ஆணை கிடைக்கிறது. பரிசுக் கோப்பையைவிடப் பணி ஆணைக்கு மதிப்பு அதிகம். அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட அது ஒன்று போதும்.

மூன்றாவது, காகிதமும் கணக்கும். கம்பெனிப் பதிவு, நிறுவனர்களுக்குள் ஒப்பந்தம், வரி, தனிநபர் தகவல் பாதுகாப்பு இவற்றுக்கு வக்கீலும் ஆடிட்டரும் கிடைப்பார்கள். பிளாக்செயினில் எழுதிய நிரலில் ஒரு ஓட்டை இருந்தால், பிறகு திருத்துவது கடினம். அதை வெளியாள் ஒருவர் பரிசோதிக்கச் செலவு அதிகம். கணினிச் சேவைக் கட்டணத்தில் சலுகையும் பல இடங்களில் உண்டு.

நான்காவது, நிதிக்கான வாசல். பல நிதிகள் நேராகக் கைக்கு வருவதில்லை. 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, தேர்வான இன்குபேட்டர்கள் வழியாகத்தான் வழங்கப்பட்டது. மாதிரி செய்ய 20 லட்சம் ரூபாய் வரை மானியம் அதில் உண்டு. பட்டியலின இளைஞர்களுக்காக 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அம்பேத்கர் சமூகப் புத்தாக்க இயக்கமும் அப்படித்தான். இன்குபேட்டர்களில் இருக்கும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டில் 30 லட்சம் ரூபாய் பங்கு மூலதனமாகத் தருவது அதன் திட்டம். தமிழக அரசு 2022-23-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் புத்தொழில் நிதியை 30 கோடி ரூபாயில் தொடங்கியது. அது கடன் அல்ல. அரசு பங்குதாரராகச் சேரும் முதலீடு. இவை எல்லாவற்றுக்கும் தேர்வுக்குழு முன் நின்று பேச வேண்டும். பேசிப் பழக ஓர் இடம் வேண்டும்.

ஐந்தாவது, கூட இருப்பவர்கள். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து நிறுவனங்கள் சேர்கின்றன. ஒருவர் தடுக்கினால் இன்னொருவர் வழி சொல்வார். அந்தப் பழக்கம் திட்டம் முடிந்த பிறகும் தொடரும்.

கொடுக்க வேண்டிய விலை

மாமன் சும்மா செய்வதில்லை. ஆக்சிலரேட்டரும் அப்படித்தான். ஒய் காம்பினேட்டர் 1,25,000 டாலர் கொடுத்து 7 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. மேலும் 3,75,000 டாலரைப் பின்னால் பங்காக மாறும் ஒப்பந்தத்தில் தருகிறது. இங்குள்ள தனியார் அமைப்புகளும் பங்கு கேட்பது உண்டு. இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டியலின நிறுவனருக்கு 60 சதவீதம், வேறு சமூகத்து நண்பருக்கு 40 சதவீதம் பங்கு என்று கொள்வோம். ஆக்சிலரேட்டருக்குப் புதுப்பங்காக 7 சதவீதம் கொடுத்தால், 60 என்பது 55.8 ஆகும். அடுத்து வரும் முதலீட்டாளருக்கு 15 சதவீதம் கொடுத்தால், 47.4 ஆகிவிடும். 2015-ல் தொடங்கிய பட்டியலினத்தவருக்கான மத்திய துணிகர மூலதன நிதி, குறைந்தது 51 சதவீதப் பங்கும் மேலாண்மைக் கட்டுப்பாடும் நம்மிடம் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு கையெழுத்தில் அந்தத் தகுதி போய்விடும். கம்பெனியும் கைவிட்டுப் போகலாம். ஆகவே எந்தப் பணத்தை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது என்ற வரிசையைக் கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. “உன் பெயரும் சாதிச் சான்றும் போதும், பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சிலர் வருவார்கள். மானியமும் முதலீடும் அவர்களுக்குப் போகும். கடன் பாக்கியும் நோட்டீசும் நம் வீட்டுக்கு வரும். அப்படிப்பட்ட கூட்டுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது.

பணம் கட்டினால் காயின் இரட்டிப்பாகும், நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்பவர்களுக்கும் பிளாக்செயின் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. ஆக்சிலரேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு பெருந்தொகையைக் கட்டணமாகக் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே அங்கே சேர்ந்த இரண்டு நிறுவனர்களைத் தேடிப் பிடித்து, “உங்களுக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

எங்கே தொடங்குவது?

நெய்க்காரப்பட்டியிலிருந்து சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்புக்கு மதுரையில் வட்டார மையம் இருக்கிறது. விவசாயப் பொருள் சார்ந்த யோசனை என்றால் மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் வேளாண் வணிக இன்குபேட்டர் செயல்படுகிறது. கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப் உள்ளது. பழநியிலிருந்து இரண்டு ஊருக்கும் பஸ் உண்டு. கல்லூரியில் படிக்கும்போதே உங்கள் கல்லூரியின் தொழில்முனைவோர் பிரிவில் பெயர் கொடுங்கள்.

போகும் முன் கையில் மூன்று இருக்கட்டும். பிரச்சினையை அனுபவிக்கும் இருபது பேரிடம் பேசி எழுதிய குறிப்பு. அரைகுறையாக ஓடினாலும் காட்டக்கூடிய ஒரு மாதிரி. யார் எவ்வளவு உழைப்பார், யாருக்கு எத்தனை பங்கு என்று நிறுவனர்கள் கையெழுத்திட்ட காகிதம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே சொல்லுங்கள். கரும்பு வெட்டும் இடத்திலிருந்து மண்டி வரை நடப்பதை நேரில் கண்ட அறிவு உங்களிடம் இருக்கிறது. அந்த அறையில் உள்ள பலரிடம் அது இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இப்படி ஒரு திட்டத்தில் ஆறு மாதம் போனால் அதை வேலையில்லாமல் சுற்றுவதாக எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் பெட்டியடிக்குப் போன பையனும் முதல் வருடம் வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்க மாட்டான். ஆனால் நகையை அடகு வைக்கச் சொன்னால், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்துக் காட்ட முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வேண்டாம், நகையும் வேண்டாம்.