கிளட்ச் மாற்றும்போது எஞ்சினைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம்

மேடு பள்ளமான தோட்டத்துச் சாலையில் பாதிக் கிளட்சில் ஏறி ஏறியே பழைய காடிகளின் கிளட்ச் தட்டு தேய்ந்துபோகிறது. எஞ்சின் உறுமும், காடி நகராது. தட்டும் வாங்கி, பட்டறைக் கூலியும் கொடுத்தால் அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் சேர்ந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆனால் ஒன்று: எஞ்சினைத் தாங்க வழி செய்யாமல் கை வைக்கக்கூடாது.

கிளட்ச் தட்டு எஞ்சினுக்கும் கியர்பாக்சுக்கும் நடுவில் இருப்பதால், கியர்பாக்சை இறக்கியே ஆகவேண்டும். எழுபதுகளில் ஓடிய டாட்சன் 120 ஒய் போன்ற காடிகளில் எஞ்சின் நீளவாக்கில் இரு தாங்கிகள்மேல் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸ் போனால் பின்பக்கம் சாயும், அவ்வளவுதான். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த கஞ்சிலும் முன்சக்கர இழுவை. எஞ்சினும் கியர்பாக்சும் ஒன்றாகப் பூட்டிக் குறுக்கே கிடக்கின்றன. கியர்பாக்ஸ் பக்கத்துத் தாங்கியைக் கழற்றினால் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் பிடிமானம் இல்லை.

பலர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஜேக்கை வைத்து முட்டுக் கொடுக்கிறார்கள். அது மெல்லிய தகரம், நசுங்கும். ஜேக்கும் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் கசிந்தால் மெல்ல இறங்கிவிடும். ஆகவே மேலிருந்து தொங்கவிடுவதே நல்லது.

பழைய இரும்புக் கடையில் 50 மில்லிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புக் குழாய் ஒன்று வாங்குங்கள். எஞ்சின் அறையின் இரு ஓரத்தையும் எட்டும் நீளம் வேண்டும். துரு அரித்தது வேண்டாம். பால்மரக் கட்டையும் வேண்டாம். பூச்சி உள்ளே அரித்திருப்பது வெளியே தெரியாது. குழாயின் இரு முனையிலும் ஓரடி நீளக் கெட்டி மரக்கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் பழைய டயர்த் துண்டை ஆணியடியுங்கள். இந்தக் கால்கள் மட்காட்டின் உள்பக்கம், போல்ட் வரிசை ஓடும் கெட்டியான விளிம்பில் உட்கார வேண்டும். வெளித் தகரத்தில் வைத்தால் குழி விழும்.

இரண்டு பேர் கம்பில் சுமை தூக்கும்போது, சுமை யார் பக்கம் நெருங்கி இருக்கிறதோ அவர் தோளுக்குத்தானே பாரம் அதிகம்? வகுப்பில் நாங்கள் நடத்தும் நெம்புகோல் பாடம்தான். கியர்பாக்ஸ் பக்கத்துக் காலை இன்னும் அகலமாக வெட்டுங்கள்.

எஞ்சின் தலையில் தூக்குவதற்கென்றே துளையிட்ட இரும்புக் காது இருக்கும். அதற்கு நேர் மேலே குழாயில் துளை போட்டு, 12 மில்லிமீட்டர் மரைக் கம்பியைக் கொக்கியோடு இறக்குங்கள். மேலே கனமான வாஷரும் நட்டும். கொக்கிக்கும் காதுக்கும் நடுவில் நல்ல சங்கிலி. நைலான் கயிறு இழுபடும், கட்டவே வேண்டாம்.

தாங்கியைக் கழற்றுமுன் நட்டை மெல்ல முறுக்குங்கள். தாங்கி ரப்பரின் அமுக்கம் தளர்ந்ததும் நிறுத்தி, கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். குழாய் வளைந்தாலோ கால் நகர்ந்தாலோ மறுபடி சரிசெய்யுங்கள். கியர்பாக்சை உருவ இடம் போதாவிட்டால் இதே நட்டைத் தளர்த்தி அந்தப் பக்கத்தைச் சற்று இறக்கலாம். குழாய்கள் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டம் எஞ்சினை மட்டுமே தாங்கும், காடியைத் தாங்காது! காடி இரும்பு ஸ்டேண்டுகளின்மேல், கெட்டியான சமதரையில் நிற்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். சிமெண்டுக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் அதே கதைதான். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பேட்டரிக் கம்பியை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

பழைய தட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கியர்பாக்சைத் திரும்ப மாட்டும்போது இன்னொருவர் கீழிருந்து தாங்கட்டும்; அதன் பாரம் புதிய தட்டில் தொங்கினால் தட்டு கோணிப்போகும். எல்லாத் தாங்கிகளின் போல்ட்டுகளையும் முறுக்கிய பிறகே மேலே உள்ள நட்டைத் தளர்த்துங்கள்.