நோவும் பொறுமையும்

பொறுமை எமது சமூகத்தில் ஒரு விழுமியமாகவே கொண்டாடப்படுகிறது. பிரசவத்தின்போது சத்தமிடாத பெண்ணும், காயம்பட்டும் முனகாத போராளியும் எமக்கு உதாரணங்கள். இந்த விழுமியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்ன செய்கிறது என்பதே இங்கு கேள்வி. பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன்.

முதலில் நோவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குடலை வெட்டுவதால் குடலுக்கு நோவதில்லை. அது விரிந்து இழுபடும்போதுதான் நோகும். காயத்தின் எரிவு வயிற்றுச் சுவரின் தோலிலும் தசையிலும் இருந்து வருவது. விரலால் தொட்டுக் காட்டலாம். குடலின் நோவோ இடம் காட்ட முடியாத முறுக்கு. சத்திரசிகிச்சையில் கைபட்ட குடல் சிறிது காலம் அசைவற்றுப் போகிறது. சிறுகுடல் ஏறத்தாழ ஒரு நாளில் மீண்டுவிடும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். அதுவரை காற்று அடைபட்டு வயிறு ஊதும். காற்றுப் பிரிந்ததா என்று தாதிமார் திரும்பத் திரும்ப விசாரிப்பது இதனால்தான். சிறு துளைகள் வழியாகச் செய்யும் சிகிச்சையில் வயிற்றுக்குள் செலுத்தப்படும் காபனீரொட்சைட் பிரிமென்தகட்டை உறுத்துவதால் தோளிலும் நோகலாம். அத்தகட்டின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவதே காரணம்.

மோர்பின் நோவைத் தணிக்கிறது. ஆனால் குடலையும் மந்தமாக்குகிறது. ஆகவே பரசிட்டமோல் போன்றவற்றை நேரம் தவறாமல் கொடுத்து மோர்பினின் அளவைக் குறைக்கிறார்கள். முன்பெல்லாம் மூக்கில் குழாய், நாட்கணக்கில் பட்டினி, படுக்கை என்பதே வழமை. 1990களில் டென்மார்க்கின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கேலெட் இதைக் கேள்விக்குட்படுத்தினார். நோவை நன்கு தணித்து, விரைவில் உணவு கொடுத்து, எழுப்பி நடக்கவைத்தால் உடல் விரைவாக மீளும் என்று காட்டினார். இன்று பல நாடுகளில் இதுவே நடைமுறை.

இம்முறை முழுவதும் நோவைத் தணிப்பதிலேயே தங்கியிருக்கிறது. நோவுள்ளவர் இருமமாட்டார், நெஞ்சில் சளி கட்டும். நடக்கமாட்டார், கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள் என்று சொல்லித் தருவது இதற்காகவே. ஆகவே நோவைப் பொறுப்பவர் தன் மீட்சியைத்தான் பின்போடுகிறார்.

'பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?' என்று கேட்கிறார்கள். எம்மவர் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு 'பரவாயில்லை' என்பதையும், மொழிபெயர்க்க வந்த பிள்ளை அதை 'இரண்டு' என்று சொல்வதையும் நான் கண்டிருக்கிறேன். நோவை ஓர் இலக்கத்துக்குள் அடக்க முடியாதென்பது உண்மையே. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வினாக்கொத்து இதற்காகவே 78 சொற்களை வைத்திருக்கிறது. எம்மிடமும் உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, முறுக்கு என்று சொற்கள் இருக்கின்றன. இவை அலங்காரங்கள் அல்ல, தகவல்கள். எரிவென்றால் காயம், முறுக்கென்றால் பெரும்பாலும் குடல்.

இதில் உயிராபத்தும் உண்டு. நாளாக நாளாகக் குறையவேண்டிய நோவு கூடினால், அதனுடன் காய்ச்சலும் வயிற்று வீக்கமும் வேகமான நாடித்துடிப்பும் சேர்ந்தால், குடலைப் பொருத்திய இடம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இது வீடு திரும்பிய பின்னரும் நேரலாம். அப்போது மௌனம் காப்பவர் வைத்தியருக்குக் கிடைக்கக்கூடிய முதல் அடையாளத்தை மறைத்துவிடுகிறார்.

கடும் நோவு மொழியையே அழிக்கிறது என்று எலேன் ஸ்காரி 1985இல் எழுதினார். சித்திரவதையை ஆராய்ந்து அவர் வந்த முடிவு அது. எம்மிற் சிலருக்கு இது வெறும் கோட்பாடல்ல. விசாரிப்பவன் முன் வாய் திறவாமை எதிர்ப்பாக இருந்தது. அதற்கு அர்த்தமும் இருந்தது. தாதியின் கேள்வியோ விசாரணையல்ல. அந்தப் பழைய மௌனத்தை இந்தக் கட்டில்வரை கொண்டுவருவதில் வீரம் எதுவும் இல்லை. நோகிறது என்றால், எங்கே, எப்படி, எவ்வளவு என்று சொல்லுவோம். எமது தாய்மாரையும் சொல்லவைப்போம்.