குடும்ப ரோலர் கோஸ்டர்: தோற்றமும் இயக்கமும்

ரோலர் கோஸ்டர் எனும் பொழுதுபோக்கு ஊர்திக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் அமையவில்லை. ஆங்கிலப் பெயரையே தமிழெழுத்தில் எழுதிவருகிறோம். பிறமொழியாளர் இட்ட பெயர்களோ சுவையானவை. பிரெஞ்சுக்காரர் இதனை 'இரசிய மலைகள்' என்பர். இரசியர் 'அமெரிக்கக் குன்றுகள்' என்பர். இவ்விரு பெயர்களிலும் இதன் வரலாறு பொதிந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில் இரசியர் உயரமான மரச்சாரம் கட்டி, அதன் சரிவில் நீரை உறையவைத்துச் சறுக்கி மகிழ்ந்தனர். 1817இல் பாரிசு நகரில் அச்சறுக்கு, சக்கரம் பூட்டிய வண்டியாக மாறியது.

அமெரிக்காவில் இக்கதை நிலக்கரியோடு தொடங்கிற்று. பென்சில்வேனியா மாநிலத்து மாக் சங்க் என்னும் ஊரில், சுரங்கத்து நிலக்கரியை மலையிலிருந்து இறக்க 1827இல் ஓர் இருப்புப்பாதை அமைத்தனர். வண்டிகள் தம் எடையாலேயே கீழே ஓடின. வெற்று வண்டிகளை மேலே இழுக்கவேண்டிய கோவேறு கழுதைகளும், இறங்கும்போது வண்டியிலேறிச் சொகுசாக வந்தனவாம்! பிற்காலத்தில் மக்கள் கட்டணம் செலுத்தி இப்பாதையில் பயணம் செய்து மகிழ்ந்தனர்.

இதனையொட்டி எழுந்ததே லாமார்கஸ் தாம்சன் என்பார் 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் அமைத்த ஊர்தி. அவர் பக்தி மிக்க கிறித்தவர். மதுக்கடைகள் மலிந்த கேளிக்கைச் சூழலுக்கு மாற்றாக, குடும்பத்தினர் கூடி மகிழும் தூய பொழுதுபோக்கு ஒன்றை நாடினார் என்பர். அந்நாட்டம் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். அவ்வூர்தியின் கட்டணம் 5 சென்ட். விரைவு மணிக்கு ஏறத்தாழ 6 மைல். பயணிகள் பக்கவாட்டில் அமர்ந்து காட்சிகளைக் கண்டவாறு சென்றனர். ஆகவே, குடும்ப ஊர்தி என்பது பேரூர்தியைச் சுருக்கிச் செய்த பொம்மையன்று. அதுவே மூலம், அச்சமூட்டும் பேரூர்திகள் பின்னர் வந்தவை.

இதன் இயக்கம் எளியது. ஓடும்போது வண்டியை இழுக்கும் பொறி எதுவும் அதில் இல்லை. சங்கிலியோ வடமோ அதனை முதல் மேட்டுக்கு ஏற்றிவிடும். அதன்பின் இறைவன் இயற்கையில் வைத்த ஈர்ப்பு விதியே ஓட்டுநர். உயரத்தில் சேர்ந்த ஆற்றல் இறங்கும்போது விரைவாகிறது. அடுத்த மேட்டில் மீண்டும் உயரமாகிறது. உராய்வும் காற்றும் சிறிது சிறிதாக அதனைக் கவர்ந்துகொள்வதால், பொதுவாக முதல் மேடே மிக உயரமாக அமைகிறது. உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், 10 மீட்டர் இறங்கும் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவு பெறும். அவ்விரைவை இரட்டிப்பாக்க 40 மீட்டர் இறங்கவேண்டும். மேட்டின் முகட்டை வண்டி கடக்கும்போது உடல் முன்போன வழியிலேயே செல்ல முனைய, இருக்கை கீழே இறங்குகிறது. அடிவயிற்றில் தோன்றும் கூச்சத்திற்கு இதுவே காரணம்.

இங்குதான் இடர் உள்ளது. பழைய வண்டிகளைத் தண்டவாளத்தில் பிடித்துவைத்தது அவற்றின் எடை மட்டுமே. முகட்டை மிகு விரைவில் கடந்தால் சக்கரம் பாதையைவிட்டு எழும்பிவிடும். 1919இல் ஜான் மில்லர் என்பார், தண்டவாளத்தின் அடியில் பற்றியோடும் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் செங்குத்தான சரிவுகள் இயல்பாயின. உயரப் போட்டியும் பெருகியது. ஆயினும் குடும்ப ஊர்தியை வடிவமைப்போர் அப்போட்டியில் இறங்குவதில்லை. அவர்கள் கணக்கு, ஏறுவோரில் மெலிந்தவரிடமிருந்து தொடங்குகிறது: குழந்தையின் கழுத்து எவ்வளவு உலுக்கலைத் தாங்கும், தாத்தாவின் முதுகு எவ்வளவு தாங்கும் என்பதே முதல் வினா.

இக்கட்டுப்பாட்டை மனிதர் ஒருவர் கையிலேயே வைத்த பழைய ஊர்தி ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. மெல்போர்ன் நகரின் செயின்ட் கில்டா கடற்கரையில், 1912 டிசம்பர் 13 அன்று லூனா பூங்காவோடு திறக்கப்பட்ட 'சீனிக் ரயில்வே' அது. மரச்சாரத்தின்மீது பூங்காவைச் சுற்றி ஓடும் அது, நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயணிகளை ஏற்றிவந்தது; தொடர்ந்து இயங்கிவந்தவற்றுள் உலகிலேயே மிகப் பழையது. அடிச்சக்கரம் இல்லாத காலத்து அமைப்பாதலின், தடையிடுவார் ஒருவர் வண்டியின் நடுவில் நின்றவாறே உடன்வருவார். அவர் கையில் நெம்புகோல் ஒன்றிருக்கும். ஆள் நிறைந்த வண்டி, ஆள் குறைந்த வண்டியைவிட உராய்வால் இழக்கும் விரைவு குறைவு. எனவே ஒவ்வொரு சுற்றும் ஒன்றுபோல் இராது. பயணிகள் கடலையும் நகரையும் பார்த்துக் கூவிக்கொண்டிருக்க, எந்த மேட்டுக்கு முன் எவ்வளவு இழுப்பது என்று அவர் அந்தந்த நொடியில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.